ஆங்கில 'ஆர்' இணைப்பும் தமிழின் மாற்றுநிலை வடிவங்களும்

0. முன்னுரை

ஆங்கில-தமிழ் அகராதிகள் 'ஆர்' என்னும் இணைப்பிடைச்சொல்லுக்கு 'அல்லது' எனப் பொருள் தருகின்றன. இச்சமன்பாடு தவறானதன்று, ஆயின் போதாதது. ஆங்கிலத்தில் ஒரு சொல் தனித்து ஏற்கும் பணிகளைத் தமிழ் ஓ, ஆ, ஆவது, ஏனும், உம் ஆகிய இடைச்சொற்களுக்கும், எண்ணுப்பெயர் அடுக்கிற்கும், 'இல்லாவிட்டால்' போன்ற எச்ச வடிவங்களுக்கும் பகிர்ந்தளித்திருக்கிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் 'ஆர்' வரும் ஒவ்வோரிடத்தும் அது எப்பணியைச் செய்கிறது என்று முதலில் தீர்மானிக்க வேண்டியவராகிறார். எல்லா இடத்தும் 'அல்லது' என்று எழுதுவது அத்தீர்மானத்தைத் தவிர்க்கும் வழி. அவ்வாறு தவிர்ப்பதனால் சட்டத் தொடரிலும் மருந்துக் குறிப்பிலும் வினாப்படிவத்திலும் பொருள் மாறிவிடுகிறது. அம்மாற்றம் எங்கெங்கு நிகழ்கிறது என்பதையும், தமிழ் வடிவங்களுள் எது எவ்விடத்திற்கு உரியது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

'அல்லது' என்னும் சொல்லே 'அல்' என்னும் எதிர்மறை அடியிற் பிறந்தது. பழந்தமிழில் அது 'தவிர', 'அன்றி' என்னும் பொருளில் பெருக வழங்கிற்று. 'முற்கூறியது அன்றாயின் பிற்கூறுவது' என்னும் வரிசைக் குறிப்பு அதனுள் இன்றும் மங்கலாக உறைகிறது எனலாம். பேச்சுத் தமிழில் இச்சொல் அரிதாகவே வழங்குகிறது. வீட்டிலும் கடையிலும் 'இதுவாவது அதுவாவது கொடு' என்கிறோம். 'இல்லாவிட்டால்' என்பதன் பேச்சு வடிவங்களை ஆள்கிறோம். எழுத்துத் தமிழில் 'அல்லது' பெற்றுள்ள பெருவழக்கிற்கு ஆங்கில மொழிபெயர்ப்பின் செல்வாக்கு ஒரு காரணம் என்பதே என் கருத்து.

1. இரண்டும் அடங்குமா?

'ஆர்' குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு வினாவிலிருந்து தொடங்குகின்றன: 'அ அல்லது ஆ' என்றால் இரண்டும் உண்மையாதல் கூடுமா? கூடும் எனக் கொள்வதை உள்ளடக்கு மாற்று என்றும், கூடாது எனக் கொள்வதை விலக்கு மாற்று என்றும் வழங்கலாம். லத்தீன் மொழியில் 'வெல்' என்பது முன்னதற்கும் 'அவுட்' என்பது பின்னதற்கும் உரியவை என்று தருக்கப் பாடநூல்கள் கூறும். லத்தீன் வழக்கு அவ்வளவு ஒழுங்கானதன்று என்பதை ஜெனிங்ஸ் 1994-இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டுள்ளார்.

ஆங்கில 'ஆர்' அடிப்படையில் உள்ளடக்கு மாற்றே என்பதும், 'இரண்டில் ஒன்று மட்டும்' என்ற பொருள் சூழலாற் பிறப்பது என்பதும் கிரைஸின் வழிவந்த பொருண்மையியலார் பலர் ஏற்கும் விளக்கம். இரண்டும் உண்மையென்று அறிந்தவர் 'அண்டு' என்றே கூறியிருப்பார். அவ்வாறு கூறாமையால் கேட்பவர் ஒன்றை விலக்கிக்கொள்கிறார். இவ்வாறு பெறப்படுவது உரையாடற் குறிப்புப்பொருள். அதனைப் பேசுபவரே நீக்கவும் இயலும்.

சட்டம் எழுதுவோர் இக்குறிப்புப்பொருளை நம்பவில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டுக் குற்றத்திற்கு மூன்றாண்டு வரையிலான சிறை, 'ஆர்' அபராதம், 'ஆர்' இரண்டும் என மூன்று கூறுகளாகத் தண்டனையை அமைத்தது. இரண்டையும் ஒருங்கே விதிக்க இடமுண்டு என்பதை வெளிப்படையாகக் கூறவே மூன்றாம் கூறு தேவைப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்வாய்பாடு தொடர்கிறது. ஏமாற்றிப் பொருள் பறித்தலுக்கான பழைய 420-ஆம் பிரிவோ சிறையோடு அபராதத்திற்கும் உள்ளாக்கியது. அங்கு 'ஆர்' இல்லை. இவ்விரு வாய்பாடுகளையும் வேறுபடுத்தாத மொழிபெயர்ப்பு நீதிபதியின் தெரிவுரிமையையே மாற்றிவிடும். அரசமைப்பின் 15-ஆம் உறுப்பு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை அடுக்கியபின் 'அவற்றுள் எதனையும்' என்ற பொருளில் ஒரு 'ஆர்' தொடரைச் சேர்ப்பதும் இவ்வகை எச்சரிக்கையே.

இசைவு கூறும் தொடர்களில் 'ஆர்' வேறொரு வகையில் நடந்துகொள்கிறது. 'தேநீரோ காபியோ அருந்தலாம்' என்று கூறினால் தேநீர் அருந்தவும் இசைவுண்டு, காபி அருந்தவும் இசைவுண்டு என்றே கேட்பவர் கொள்கிறார். இதனைத் தெரிவுரிமை இசைவு என்னும் தலைப்பில் ஹான்ஸ் காம்ப் 1973-இல் ஆராய்ந்தார். மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு இடர் குறைவு. தமிழின் ஓ, ஆவது ஆகிய இரண்டும் இப்பொருளைத் தருகின்றன.

2. ஓகாரமும் ஆவதும்

தொல்காப்பியம் ஓகார இடைச்சொல்லுக்கு ஆறு பொருள்களையும் நன்னூல் எட்டுப் பொருள்களையும் கூறும். வினா, தெரிநிலை ஆகிய இரண்டும் இரு பட்டியல்களிலும் உள்ளன. தெரிநிலை உம்மைக்கும் உரியது என்பது நோக்கத்தக்கது. வினாவுக்கும் மாற்றுநிலைக்கும் ஒரே இடைச்சொல் அமைவது தற்செயலன்று. மலையாளத்தில் வினா, மாற்றுநிலை, 'யாரோ' போன்ற நிச்சயமற்ற பெயர்கள் ஆகிய மூன்றிலும் ஓகாரமே வருவதை கே. ஏ. ஜெயசீலன் 2001-இல் எடுத்துக்காட்டி, இவற்றை ஒரே அமைப்பின் வெவ்வேறு தோற்றங்களாக விளக்கினார்.

தமிழ்த் தரவுகளும் இதற்கு இயைகின்றன.

(1) கண்ணனோ முருகனோ வந்தான். / யாரோ வந்தான்.
(2) கண்ணனாவது முருகனாவது வரட்டும். / யாராவது வரட்டும்.
(3) கண்ணனும் வரவில்லை, முருகனும் வரவில்லை. / யாரும் வரவில்லை.

(1)-இல் வந்தவன் ஒருவன் உண்டு. அவன் யாரென்பது பேசுபவருக்குத் தெரியாது. (2)-இல் வருபவன் இன்னும் முடிவாகவில்லை. எவன் வந்தாலும் போதும். ஆகவே 'ஆவது' ஏவல், வியங்கோள், எதிர்காலம், நிபந்தனை ஆகியவற்றோடு இயல்பாக வருகிறது. 'கண்ணனாவது முருகனாவது வந்தான்' என்பது தமிழர் செவிக்கு ஒவ்வாது. ('படிப்பாவது, பட்டமாவது!' என்று இகழ்ச்சிக் குறிப்பில் வருவது தனி வழக்கு. அங்குத் தெரிவு ஏதுமில்லை.) 'ஏனும்', 'ஆயினும்' என்பன 'ஆவது' என்பதன் செந்தமிழ் இணைகள்.

இவ்விணைநிலை மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படும் ஒரு சோதனையைத் தருகிறது. 'ஆர்' கொண்ட ஆங்கிலத் தொடரில் மாற்றுகள் நிற்குமிடத்தில் ஒரு நிச்சயமற்ற பெயரை இட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். 'யாரோ' பொருந்தின் ஓகாரமும், 'யாராவது' பொருந்தின் 'ஆவது' அல்லது 'ஏனும்' என்பதும் ஏற்றவை. மேலாளரேனும் அவர்தம் பிரதிநிதியேனும் கையொப்பமிடுக என்னும் படிவத் தொடருக்கு 'யாராவது' என்பதே பொருந்தும்; 'மேலாளரோ பிரதிநிதியோ' என்றால் எழுதியவருக்கே ஐயம் இருப்பதாகத் தோன்றும்.

ஆங்கிலம் மூன்று அல்லது நான்கு மாற்றுகளை அடுக்கும்போது இறுதி மாற்றின் முன் மட்டும் 'ஆர்' இட்டு, ஏனையவற்றைக் காற்புள்ளியாற் பிரிக்கும். தமிழ் இடைச்சொற்களோ ஒவ்வொரு பெயரையும் தொடர்ந்து வருவன. 'தந்தை, தாய் அல்லது காப்பாளர் கையொப்பம்' என்னும் தொடரில் தந்தையும் தாயும் இருவருமாகக் கையொப்பமிட வேண்டும், இயலாதாயின் காப்பாளர் இடலாம் எனப் பொருள் கொள்ள இடமுண்டு. 'தந்தையேனும் தாயேனும் காப்பாளரேனும்' என்றால் அவ்விடமில்லை.

3. எதிர்மறையும் மாற்றுநிலையும்

மொழிபெயர்ப்பில் பெரிதும் பிழை நேருமிடம் இதுவே. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல்லின் ஆட்சியெல்லைக்குள் 'ஆர்' வரின் இரு மாற்றுகளும் மறுக்கப்படும். 'காபி ஆர் தேநீர் அருந்துவதில்லை' என்னும் வாய்பாட்டில் அமைந்த ஆங்கிலத் தொடர் இரண்டையும் அருந்தாமையைக் குறிக்கும். 'அ அல்லது ஆ' என்பதன் மறுப்பு 'அ அன்று, ஆவும் அன்று' என்பதாகும் என்னும் தருக்க விதியோடு இது முற்றும் பொருந்துகிறது. அவ்விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. எனினும் அவர் பிறந்த ஊரின் மொழியில் 'அல்லது' அவர் விதிப்படி நடப்பதில்லை.

(4) அமைச்சர் அல்லது ஆட்சியர் விழாவுக்கு வரவில்லை.
(5) அமைச்சரோ ஆட்சியரோ விழாவுக்கு வரவில்லை.

(4)-ஐக் கேட்பவர் இருவருள் ஒருவர் வரவில்லை, யாரென்று தெளிவில்லை என்று கொள்ளவே வாய்ப்பு மிகுதி. (5) இருவரும் வராமையைக் குறிக்கும். அதாவது, 'அல்லது' எதிர்மறையின் ஆட்சிக்கு வெளியே நிற்க முற்படுகிறது. ஓகாரம் உள்ளே அடங்குகிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய வினோதமன்று. ஹங்கேரிய மொழியின் மாற்றுநிலைச் சொல்லையும் ஜப்பானிய மொழியின் 'க' இடைச்சொல்லையும் ஆராய்ந்தோர் அவையும் தம் தொடரின் எதிர்மறைக்குள் அடங்க மறுப்பதைக் கண்டுள்ளனர். மறுபுறம், முற்பகுதியிற் கூறிய சோதனை இவ்விடத்தில் முறிவதையும் குறிப்பிட வேண்டும். 'யாரோ வரவில்லை' என்றால் ஒருவர் வரவில்லை என்பதே பொருள். 'அமைச்சரோ ஆட்சியரோ வரவில்லை' என்பதற்கு அப்பொருள் இல்லை. அப்பொருள் வேண்டின் 'அமைச்சரோ ஆட்சியரோ, யாரோ ஒருவர் வரவில்லை' என விரித்தே கூற வேண்டும். ஓகாரத்தின் இவ்விரட்டை நடத்தைக்கு நிறைவான விளக்கம் தேவை. தெரிநிலை ஓகாரத்திற்கு இலக்கண உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் 'அதுவுமன்று, இதுவுமன்று' என்னும் இரட்டை மறுப்பாகவே அமைந்திருப்பது ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது.

உம்மையைக் கொண்டு எதிர்மறையை மொழிபெயர்க்கலாமா? கூடும்; ஆயின் வினையை இருமுறை கூறினாலன்றிப் பொருள் உறுதிப்படாது. 'மீனும் தயிரும் உண்ணக் கூடாது' என்று வீட்டு முதியோர் கூறினால், இரண்டையும் சேர்த்து உண்ணலாகாது என்பதே கருத்து. மீன் மட்டும் உண்பதற்குத் தடையில்லை. 'மீனோ தயிரோ உண்ணக் கூடாது' என்று மருத்துவர் கூறினால் இரண்டுமே விலக்கு. ஓர் இடைச்சொல் மாறுவதனால் உணவு முறையே மாறுகிறது.

இதனை அரசமைப்பின் 21-ஆம் உறுப்போடு பொருத்திப் பார்க்கலாம். சட்டம் நிறுவிய நெறிமுறைப்படியன்றி எவரிடமிருந்தும் உயிரை 'ஆர்' தன்னுரிமையைப் பறித்தலாகாது என்பது அதன் கருத்து. ஆங்கில மூலத்தில் 'ஆர்' எதிர்மறைக்குள் அடங்குவதால் உயிருக்கும் காப்புண்டு, தன்னுரிமைக்கும் தனித்தனியே காப்புண்டு. 'உயிரை அல்லது தன்னுரிமையைப் பறித்தலாகாது' எனின் காப்பு எதற்கென்று ஐயம் எழும். 'உயிரையும் தன்னுரிமையையும் பறித்தலாகாது' எனின், மீன்-தயிர்த் தொடர்போல, இரண்டையும் ஒருங்கே பறித்தல் மட்டுமே விலக்கப்பட்டது என்று வாதிட ஒரு வழக்கறிஞருக்கு இடங்கிடைக்கும். 'உயிரையோ தன்னுரிமையையோ பறித்தலாகாது' என்னும் வடிவம் இவ்விரு இடர்களையும் ஒருங்கே நீக்குகிறது. மருந்துறைத் தாள்களிலும் இதே நெறி பொருந்தும். 'மதுவுடன் அல்லது தூக்க மாத்திரையுடன் உட்கொள்ள வேண்டாம்' என்பதைக் காட்டிலும் 'மதுவுடனோ தூக்க மாத்திரையுடனோ உட்கொள்ள வேண்டாம்' என்பது பிழைக்கு இடந்தராது.

ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்க்கு இதன் மறுபக்கம் இடர் தருகிறது. இருவருள் ஒருவர் வரவில்லை என்று கூற விரும்புவோர் எதிர்மறை வினையின்பின் 'ஆர்' இட்டு எழுதினால், ஆங்கில வாசகர் இருவரும் வரவில்லை என்று கொள்வர். முன்னதற்கு 'ஐதர்' என்பதை எதிர்மறைக்கு முன்னே எழுவாயில் நிறுத்த வேண்டும்; பின்னதை ஐயமின்றிக் கூற 'நைதர் ... நார்' இணை உள்ளது. 'நைதர்' என்பதனுள்ளேயே எதிர்மறை அடங்கியிருப்பதால் வினையை மீண்டும் எதிர்மறையாக்குதல் பொது ஆங்கில நடைக்கு உடன்பாடன்று.

4. வினாத் தொடர்கள்

தேநீர் 'ஆர்' காபி வேண்டுமா என்னும் ஆங்கில வினா எழுத்தில் ஒன்று; ஒலிப்பில் இரண்டு. இறுதியில் குரல் உயர்ந்தால் 'ஆம்' அல்லது 'இல்லை' என விடை கூறலாம். முதல் மாற்றில் உயர்ந்து இரண்டாவதில் தாழ்ந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கூற வேண்டும். தமிழ் இவ்வேறுபாட்டை இசையோட்டத்திற்கு விடாமல் வடிவத்திலேயே காட்டுகிறது.

(6) தேநீரோ காபியோ வேண்டுமா?
(7) தேநீரா, காபியா வேண்டும்?

(6)-க்கு 'வேண்டாம்' என்பது முறையான விடை. (7) விருந்தினர் ஏதோ ஒன்றை அருந்துவார் என்பதை முன்னரே கொண்டுவிட்டது. 'தேநீர் அல்லது காபி வேண்டுமா?' என்னும் மொழிபெயர்ப்பு வடிவம் ஆங்கில எழுத்தின் மயக்கத்தைத் தேவையின்றித் தமிழுக்குக் கொணர்கிறது. களஆய்வு வினாப்படிவங்களில் இது சிறிய செய்தியன்று. 'வீட்டில் வானொலி அல்லது தொலைக்காட்சி உள்ளதா?' என்று ஒரு கணக்கெடுப்பாளர் படித்தால் சிலர் 'உள்ளது' என்பர்; சிலர் 'தொலைக்காட்சி' என்பர். இவ்விரு விடைகளையும் ஒரே கட்டத்தில் குறித்தபின் அட்டவணையை நம்புதல் இயலாது.

'வெதர்' கொண்டு தொடங்கும் சார்பு வாக்கியங்களுக்கு 'வருவாரா, மாட்டாரா என்பது தெரியாது' என்னும் வடிவமும், பொருட்படுத்தாமையைக் குறிக்குமிடத்து 'வந்தாலும் வராவிட்டாலும்' என்னும் வடிவமும் உரியன. முன்னது வினா, பின்னது நிபந்தனை; இரண்டிற்கும் 'அல்லது' தேவையில்லை.

5. சில சிறு வழக்குகள்

எண்களோடு வரும் 'ஆர்' பெரும்பாலும் தெரிவைக் குறிப்பதன்று, தோராயத்தைக் குறிப்பது. அதற்குத் தமிழில் ஒன்றிரண்டு, இரண்டு மூன்று, நாலைந்து, ஏழெட்டு என்னும் அடுக்குகள் உள்ளன. 'இரண்டு அல்லது மூன்று நாட்களில் வருவார்' என்பதில் பிழையில்லை எனினும் தமிழின் இயல்பு 'இரண்டு மூன்று நாளில்' என்பதே. மருந்தளவு கூறுமிடத்து மட்டும் 'ஒன்றிரண்டு' என்னாது 'ஒன்று அல்லது இரண்டு' என்று கூறல் நன்று. தோராயம் அங்கு விரும்பத்தக்கதன்று.

ஒரு பொருளின் மறுபெயரைக் கூறவும் ஆங்கிலம் 'ஆர்' என்பதைப் பயன்படுத்தும். அப்போது அதன் முன் காற்புள்ளி வருவது வழக்கம். சோடியம் குளோரைடு, 'ஆர்' சமையல் உப்பு என்பதை 'சோடியம் குளோரைடு அல்லது சமையல் உப்பு' என மொழிபெயர்த்தால் அவை இரு வேறு பொருள்கள் என்று மாணவர் கொள்ளக்கூடும். 'சோடியம் குளோரைடு எனப்படும் சமையல் உப்பு', 'அதாவது' என்பன தக்க வடிவங்கள். இவ்வாங்கில வழக்கு நூற்பெயர்களின் வழியாகவும் தமிழுக்கு வந்தது. பி. ஆர். ராஜமய்யரின் நாவல் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று பெயர் பெற்றது. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலின் தலைப்பிலும் இதே அமைப்பைக் காணலாம்.

எச்சரிக்கைத் தொடரில் 'ஆர்' நிபந்தனைப் பொருள் பெறும்: 'நில், இல்லாவிட்டால் சுடுவேன்.' இங்கு 'அல்லது' பொருந்தாது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் காந்தியடிகள் வழங்கிய 'டு ஆர் டை' முழக்கம் தமிழில் 'செய் அல்லது செத்துமடி' என்று நிலைபெற்றுவிட்டது. இரண்டு ஏவல்களைச் சமமான தெரிவுகளாக இத்தமிழ் வடிவம் முன்வைக்கிறது. மூலமோ செயலை விரும்பி, முயற்சியிலேயே உயிர்விடுதலை அதன் எல்லையாகக் காட்டுகிறது. வரலாற்று முழக்கத்தை இனித் திருத்துவதற்கில்லை. அதனை வாய்பாடாகக் கொண்டு புதிய தொடர்களை ஆக்குதலே தவிர்க்கத்தக்கது.

'ஐதர்' எப்போதும் தெரிவைக் குறிப்பதில்லை. சாலையின் 'ஐதர்' பக்கத்தில் மரங்கள் உள்ளன என்றால் இருமருங்கிலும் உள்ளன என்பதே பொருள். தண்டனைச் சட்டத்தில் சிறைத்தண்டனையோடு வரும் 'ஐதர்' அவ்வாறன்று. கடுங்காவல், வெறுங்காவல் என்னும் இருவகையுள் ஒன்று என்று பெயர்க்க வேண்டும்.

எழுவாய்களை 'ஆர்' இணைக்கும்போது ஆங்கில வினை அருகிலுள்ள எழுவாயோடு இயைவது பொதுவிதி. தமிழ் வினைமுற்று பாலும் இடமும் காட்டுவதால் 'நீயோ அவனோ செய்தாய்' என்பதும் 'செய்தான்' என்பதும் உறுத்துகின்றன. 'நீயோ அவனோ செய்திருக்க வேண்டும்' என இயைபு காட்டாத வினையால் முடித்தல் எளிய தீர்வு.

6. 'ஆர்' எதனோடு எதை இணைக்கிறது?

'அண்டு', 'ஆர்' இரண்டையும் சாய்கோட்டால் இணைத்து எழுதும் வழக்கைப் போன்மி செய்து 'மற்றும்/அல்லது' என்று எழுதுவது அலுவலகத் தமிழிற் பரவியுள்ளது. இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை 1944-இல் தீர்த்த ஒரு வழக்கிலேயே சைமன் பிரபு இவ்விணைப்பை முறைகேடாகப் பிறந்தது என்று கடிந்தார். தமிழில் 'இவற்றுள் ஒன்றோ இரண்டுமோ' என்று கூற வழியிருக்க அது தேவையற்றது. சட்டத்தில் 'அண்டு' என்பதையே 'ஆர்' ஆகப் படிக்க நேர்வதும் உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் 'மருந்து' என்பதன் வரையறையை இந்திய உச்ச நீதிமன்றம் 1968-இல் அவ்வாறே படித்தது.

ஆட்சியெல்லை பற்றிய மயக்கத்திற்கு அண்மைக்காலச் சான்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. அம்மாநிலச் சட்டம் விரைவில் கெடும் உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் முதலிய பணிகளுக்கு மிகைநேர ஊதியத்திலிருந்து விலக்களித்தது. பட்டியலின் இறுதியில் 'அனுப்புகைக்காக ஆர் வினியோகத்துக்காக' என்று படிக்கத்தக்கவாறு, 'ஆர்' என்பதன் முன் காற்புள்ளியின்றிக் கட்டுதல் பற்றிய தொடர் அமைந்திருந்தது. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள் பொருள்களை வினியோகித்தனர், கட்டவில்லை. இரு பயன்களுக்காகக் கட்டுதல் என்னும் ஒரே பணியைத்தான் தொடர் குறிக்கிறது, வினியோகம் தனிப்பணியாக விலக்குப் பெறவில்லை என்பது அவர்கள் வாதம். பட்டியலில் ஏனைய பணிகளெல்லாம் 'இங்' ஈற்றுத் தொழிற்பெயர்களாக இருக்க வினியோகத்தைக் குறிக்கும் சொல் மட்டும் வேறு ஈறு பெற்றிருப்பதையும் அவர்கள் சுட்டினர். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொடர் மயக்கமுடையது என்று கண்டு அவர்கள் பக்கம் தீர்த்தது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

இத்தொடரைத் தமிழாக்கும்போது மயக்கத்தை அப்படியே காப்பது எளிதன்று. 'அனுப்புவதற்கோ வினியோகிப்பதற்கோ கட்டுதல்' என்றால் வண்டியோட்டிகளின் பொருள். 'அனுப்புவதற்காகக் கட்டுதல், வினியோகித்தல்' என்றால் நிறுவனத்தின் பொருள். வேற்றுமையுருபும் '-தல்' ஈறும் முடிவைக் கட்டாயப்படுத்துகின்றன. மெய்ன் சட்டமன்றம் பின்னர்ச் செய்த திருத்தமும் இதனையொத்ததே: பணிகளை அரைப்புள்ளியாற் பிரித்து, வினியோகத்தைக் குறித்த சொல்லையும் ஏனையவற்றைப்போல் 'இங்' ஈற்றுத் தொழிற்பெயராக்கியது.